சின்ன அறை, சின்னப் பெட்டி: ஸ்பீக்கர் வரலாற்றில் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள்?

(ஒலி அத்தியாயத்தின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டது.)

நல்ல ஸ்பீக்கர் வாங்கணும்னு ஆசைப்படறவங்க பெரும்பாலும் என்கிட்ட கேட்கிற முதல் கேள்வி, "எது பெஸ்ட்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. நான் திருப்பிக் கேட்பது வேற: "உங்க ரூம் எவ்வளவு பெரிசு? அதுல எதை விட்டுக்கொடுக்க நீங்க தயார்?"

இந்தக் கேள்வி நான் கண்டுபிடித்தது இல்லை. வீட்டு ஸ்பீக்கரின் எழுபது, எண்பது வருஷ வரலாறே இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட வெவ்வேறு பதில்கள்தான். இன்னிக்கு அதில் மூன்று, நான்கு பதில்களைப் பார்க்கலாம். கதை அமெரிக்காவில் தொடங்கி, லண்டனில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, ஜப்பானைத் தொட்டுவிட்டு முடியும்.

மூலையையே ஸ்பீக்கராக்கியவர்

1940-களின் நிலைமையை முதலில் புரிஞ்சுக்கணும். வீட்டில் இருந்தவை வால்வு ஆம்ப்ளிஃபையர்கள். அவற்றின் சக்தி ரொம்பக் குறைவு. பத்து வாட் என்றாலே பெரிய விஷயம். அதனால் கொஞ்சம் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு நிறையச் சத்தம் தருகிற ஸ்பீக்கர்தான் நல்ல ஸ்பீக்கர். அதற்கு வழி ஹார்ன், அதாவது கூம்பு. ஆனால் ஆழமான பாஸ் வேண்டுமென்றால் அந்தக் கூம்பு ஒரு அறை நீளத்துக்குப் போய்விடும்.

ஆர்கன்சா மாநிலத்தில் ஹோப் என்கிற சின்ன ஊர். அங்கே பால் கிளிப்ஷ் என்ற பொறியாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். கூம்பை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். அதன் கடைசிப் பகுதியாக அறையின் மூலையையே பயன்படுத்தினார். இரண்டு சுவரும் தரையும் கூம்பின் தொடர்ச்சி ஆகிவிட்டன. 1946-ல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் கிளிப்ஷார்ன் இன்றுவரை விற்பனையில் இருக்கிறது. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 100 டெசிபலுக்கு மேல் தரும். உயரம் நாலடிக்கு மேல்.

கிளிப்ஷ் அறையை எதிரியாகப் பார்க்கவில்லை, வேலைக்கு எடுத்துக்கொண்டார். அதே சமயம் வாங்குபவரிடம் ஒரு பெரிய நிபந்தனையும் வைத்தார். உங்க வீட்டில் சரியான மூலை வேணும். அந்த மூலையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. மோனோ காலத்தில் ஒரு மூலை போதும். ஸ்டீரியோ வந்ததும் ஒரே சுவரின் இரண்டு மூலைகளும் வேண்டும். எத்தனை வீட்டில் அது நடக்கும்?

காற்றை ஸ்பிரிங் ஆக்கியவர்

அடுத்த பதில் எட்கர் வில்ச்சர் சொன்னது. நியூயார்க் மாநிலத்தில் வுட்ஸ்டாக்கில் வாழ்ந்தவர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவு, ஒலிபரப்பு நுட்பம் பற்றி ஒரு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

ஸ்பீக்கரில் கோன் முன்னும் பின்னும் ஆடுகிறது. ஒவ்வொரு முறையும் அதை நடு நிலைக்குத் திரும்ப இழுக்க ஒரு ஸ்பிரிங் வேண்டும். அதுவரை அந்த வேலையைச் செய்தவை கோனைத் தாங்கிப் பிடிக்கும் துணி வளையமும் ஓர விளிம்பும். கோன் கொஞ்சமாக ஆடும்போது அவை ஒழுங்காக இழுக்கும். பாஸுக்காக நிறைய ஆடும்போது சீராக இழுக்காது. அங்கேதான் ஒலி கெடும்.

வில்ச்சர் செய்தது இது: அந்த விளிம்பை வேண்டுமென்றே தளர்வாக்கினார். பிறகு பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடினார். உள்ளே அடைபட்ட காற்றே இப்போது ஸ்பிரிங். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்க, காற்று எப்படித் திருப்பித் தள்ளுதுன்னு தெரியும். துணி ஸ்பிரிங்கைவிடக் காற்று ஸ்பிரிங் சீராக வேலை செய்யும். இன்னொரு லாபம், இந்த முறைக்குப் பெட்டி சிறிதாகத்தான் இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் காற்றின் இழுவிசை போதாது. அதாவது, பெட்டி சிறிசா இருப்பது இங்கே குறை இல்லை, தேவை.

இந்த யோசனையை முதலில் ஏற்கெனவே இருந்த நிறுவனங்களுக்கு விற்கத்தான் பார்த்தார். அவர்கள் ஏற்கவில்லை. பிறகு, தன் வகுப்பில் படித்த ஹென்றி க்ளாஸ் என்ற இளைஞரோடு சேர்ந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 1954-ல் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் ஸ்பீக்கர் ஏஆர்-1. இரண்டு கன அடிக்கும் குறைவான பெட்டி. அலமாரியில் வைக்கலாம். ஆனால் பாஸ், அதைவிடப் பல மடங்கு பெரிய பெட்டிகளுக்குச் சவால் விட்டது.

விட்டுக்கொடுத்தது எதை? சத்தத்தை. ஏஆர்-1 அன்றைய அளவில் மின்சாரத்தை நிறையக் குடிக்கிற ஸ்பீக்கர். சின்ன ஆம்ப்ளிஃபையர் அதற்குப் போதாது.

இந்தக் கணக்கை ஒரு விதி மாதிரி சொல்வாங்க. ஜோசப் ஆன்டன் ஹாஃப்மன் பெயரில் வழங்கும் விதி அது. இவர் யாருன்னா, ஹென்றி க்ளாஸ் பின்னால் பிரிந்துபோய் 1957-ல் தொடங்கிய கேஎல்ஹெச் நிறுவனத்தின் 'ஹெச்'. விதி இதுதான்: ஆழமான பாஸ், சிறிய பெட்டி, குறைந்த மின்சாரத்தில் நிறையச் சத்தம். இந்த மூன்றில் இரண்டைத்தான் கேட்க முடியும். மூன்றாவதைக் கொடுத்தே ஆக வேண்டும். கிளிப்ஷ் பெட்டியின் அளவைக் கொடுத்தார். வில்ச்சர் சத்தத்தைக் கொடுத்தார். இன்றைக்கும் கடையில் யாராவது "மூணும் இருக்கு சார்" என்று சொன்னால், கொஞ்சம் நின்று யோசிங்க.

வில்ச்சருக்குக் காலமும் கைகொடுத்தது. 1958-ல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பரவலாக வந்தன. ஒரே நாளில் எல்லா வீட்டுக்கும் இரண்டு ஸ்பீக்கர் தேவைப்பட்டது. ஃபிரிட்ஜ் அளவுப் பெட்டி இரண்டை யார் வரவேற்பறையில் வைப்பார்கள்? 1960-களில் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்கள் வந்து வாட்டின் விலையையும் குறைத்தன. வில்ச்சர் விட்டுக்கொடுத்த பொருள் மலிவாகிவிட்டது. அவர் வாங்கிக்கொண்ட பொருளோ, அதாவது வீட்டில் இடம், நாளுக்கு நாள் விலை ஏறியது.

காற்று ஸ்பிரிங்குக்கு அவர் வாங்கியிருந்த காப்புரிமை பின்னர் வழக்கில் செல்லாமல் போனது. மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. 1967-ல் நிறுவனத்தை டெலிடைனுக்கு விற்றுவிட்டு, காது கேட்கும் கருவிகளின் ஆய்வுக்குப் போனார். அங்கே கண்டுபிடித்ததற்குக் காப்புரிமையே வாங்காமல் வெளியிட்டார். இன்றைய காது கேட்கும் கருவிகளின் அடிப்படைகளில் ஒன்று அது. ஸ்பீக்கர்காரர்கள் அவரை மறந்தாலும், காது மந்தமானவர்கள் அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

வேனுக்குள் ஒரு கட்டுப்பாட்டு அறை

இப்போ லண்டனுக்கு வருவோம். பிபிசி. அங்கே பிரச்சினையே வேறு.

வெளிப்புற ஒளிபரப்பு வேன்களை நினைச்சுப் பாருங்க. விளையாட்டு மைதானத்துக்கு வெளியே, தேவாலயத்துக்கு வெளியே நிற்கும் வண்டி. உள்ளே திரைகள், கருவிகள், ஆட்கள். ஒலிப் பொறியாளருக்குக் கிடைப்பது ஒரு மூலை. அவர் கேட்டு முடிவு செய்கிற ஒலிதான் நேரலையாக லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போகிறது. மைக் சரியில்லை, குரலில் கரகரப்பு இருக்கிறது என்பது அவர் காதுக்குத் தெரியாவிட்டால் அது அப்படியே நாட்டுக்குப் போய்விடும். ஸ்டுடியோவில் இருக்கிற பெரிய மானிட்டர் ஸ்பீக்கரை அங்கே வைக்க முடியாது. ஹெட்ஃபோன் சரிப்படவில்லை.

இதற்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பிபிசியின் ஆராய்ச்சித் துறை, புதிய ஸ்டுடியோக்களைக் கட்டுவதற்கு முன்னால் அவற்றின் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரிகளைச் செய்து, அதற்குள் ஒலியை ஓடவிட்டுச் சோதிக்கும் வேலையில் இருந்தது. அதற்காக ஒரு சின்ன ஸ்பீக்கர் செய்ய வேண்டியிருந்தது. அந்தக் குட்டிப் பெட்டி நடு ஒலிகளை வியக்கத்தக்க தெளிவோடு தந்தது. அதையே வேன்களுக்கு ஏற்ற மானிட்டராக வளர்க்கலாமே என்று தோன்றியது. அப்படிப் பிறந்தது எல்எஸ்3/5. பெயரில் 'எல்எஸ்' என்றால் லவுட்ஸ்பீக்கர், '3' வெளிப்புற ஒளிபரப்பைக் குறிக்கும் எண், ஸ்டுடியோவுக்கு '5'. பிறகு உள்ளே இருந்த ஸ்பீக்கர் யூனிட்டுகளில் மாற்றம் வந்ததால், 1970-களின் நடுவில் வடிவமைப்பைத் திருத்தினார்கள். அதுதான் புகழ்பெற்ற எல்எஸ்3/5ஏ. ஹார்வுட், வாட்டன், மில்ஸ் மூவரும் எழுதிய ஆராய்ச்சித் துறை அறிக்கை 1976-ல் வந்தது.

அளவைச் சொல்றேன்: ஓர் அடி உயரம், ஏழரை அங்குல அகலம், ஆறேகால் அங்குல ஆழம். உள்ளே சுமார் ஐந்து லிட்டர் காற்று. சமையலறை எண்ணெய் கேன் அளவு. கெஃப் நிறுவனத்தின் பி110 என்ற ஐந்து அங்குல ஊஃபர், டி27 என்ற முக்கால் அங்குல ட்வீட்டர். மூடிய பெட்டி.

இதில் ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. பெரும்பாலான கோன்கள் காகிதத்தில் செய்யப்பட்டன. காகிதக் கோன் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது, ஈரப்பதத்துக்கும் மாறும். ஒரு வேனில் கேட்பதும் இன்னொரு வேனில் கேட்பதும் ஒன்றாக இருக்கணும்னா அது உதவாது. அதனால் பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக் கோன். பெட்டிக்கு மெல்லிய பிளைவுட். கனமான மரம் போடவில்லை. உள்ளே தார் கலந்த பட்டைகளை ஒட்டி, பெட்டி அதிர்ந்தாலும் குரல் கெடாதபடி அந்த அதிர்வை அடக்கினார்கள். ட்வீட்டரைச் சுற்றி ஃபெல்ட் துணி. பெட்டியின் விளிம்பில் ஒலி பட்டுச் சிதறாமல் இருக்க.

விட்டுக்கொடுத்தது? இரண்டையும்! ஆழமான பாஸும் இல்லை, நிறையச் சத்தமும் இல்லை. ஒரு வாட்டுக்குச் சுமார் 83 டெசிபல். கிளிப்ஷார்ன் தரும் சத்தத்தை இது தர, குறைந்தது 50 மடங்கு மின்சாரம் வேண்டும். அதற்கு முன்னாலேயே ஊஃபர் கையை விரித்துவிடும். ஹாஃப்மன் விதி மூன்றில் இரண்டு கிடைக்கும் என்கிறது. இவர்கள் ஒன்றோடு திருப்தி அடைந்தார்கள். மிச்சப்படுத்தியதை எல்லாம் ஒரே இடத்தில் செலவழித்தார்கள்: மனிதக் குரல்.

பிபிசியில் ஸ்பீக்கரைச் சோதிக்க மீட்டர் மட்டும் போதாது. தெரிந்த ஒருவரைப் பேசவைத்து, அந்தக் குரலை ஸ்பீக்கரில் கேட்டு, நேரில் கேட்பதோடு ஒப்பிடுவார்கள். இசைக்குழு எப்படி ஒலிக்கும் என்று நம்மில் பலருக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் அம்மாவின் குரல் ஃபோனில் கொஞ்சம் மாறினாலும் "என்னம்மா, சளியா?" என்று கேட்டுவிடுவோம். மனிதக் காது குரலில்தான் ஏமாறாது.

வேனிலிருந்து வீட்டுக்கு

பிபிசி தானே தொழிற்சாலை நடத்தவில்லை, உரிமம் கொடுத்தது. ரோஜர்ஸ், சார்ட்வெல், ஆடியோமாஸ்டர், ஸ்பெண்டார், ஹார்பெத், கெஃப் எனப் பல நிறுவனங்கள் வெவ்வேறு காலங்களில் இதைச் செய்தன. இதில் இரண்டு பெயர்களுக்குப் பின்னால் பிபிசிக்காரர்களே இருக்கிறார்கள். டட்லி ஹார்வுட், மனைவி எலிசபெத் இருவர் பெயரையும் சேர்த்தது ஹார்பெத். ஸ்பென்சர் ஹ்யூஸ், மனைவி டோரத்தி பெயர்கள் சேர்ந்தது ஸ்பெண்டார். அரசு அலுவலகத்தில் கற்றதை வெளியே வந்து கடை போட்டு விற்ற கதை. அதுவும் வீட்டம்மா பெயரையும் பலகையில் போட்டு!

வேனுக்காகச் செய்த பெட்டி, லண்டன் அடுக்ககங்களுக்கும் ஹாங்காங், டோக்கியோவின் சின்ன அறைகளுக்கும் அப்படியே பொருந்தியது. காரணம் எளிது. வேனின் உள்பகுதியும் சின்ன வீட்டு அறையும் ஒரே பிரச்சினையின் இரண்டு வடிவங்கள். 1980-களின் கடைசியில் யூனிட்டுகள் மாறி, 15 ஓம் வடிவம் 11 ஓம் ஆனது. 1990-களின் கடைசியில் கெஃப் அந்த யூனிட்டுகளை நிறுத்தியதும் பழைய உற்பத்தி முடிந்தது. பிறகு, பி110, டி27 இரண்டையும் முதலில் வடிவமைத்த மால்கம் ஜோன்ஸின் ஃபால்கன் நிறுவனம் அவற்றை மறுபடி உருவாக்கியது.

இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பழைய எல்எஸ்3/5ஏ ஜோடிகளுக்கு இன்று சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலையைப் பார்த்தால், அது ஏதோ சாமி சிலை மாதிரி ஆகிவிட்டது. செய்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. பெரிய மானிட்டர் வைக்க இடமில்லாத இடத்துக்கான ஏற்பாடு அது. இடம் இருந்தால் பிபிசி பெரிய ஸ்பீக்கரைத்தான் வைத்தது. தன் எல்லையைத் தெரிந்து செய்த பொருளுக்கு எல்லையே இல்லை என்று சொல்வது அந்தப் பொறியாளர்களுக்கு மரியாதை ஆகாது.

இதற்கு நேர்மாறான பயணம் ஒன்றும் உண்டு. யமஹாவின் என்எஸ்-10. 1978-ல் வீட்டு ஸ்பீக்கராக வந்தது; வீட்டில் அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. ஆனால் ஒலிப்பதிவுக் கூடங்களில், மேசைக்கு மேல் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக் கேட்கும் ஸ்பீக்கராக உலகமெங்கும் பரவியது. வெள்ளைக் கோன் வைத்த கறுப்புப் பெட்டி. ஸ்டுடியோப் படங்களில் பார்த்திருப்பீங்க. இதுவும் மூடிய பெட்டி. ஆழமான பாஸ் கிடையாது. தப்பை மறைக்காமல் காட்டும். வேலைக்கு அது நல்லது, சாயங்காலம் சாய்ந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்க அது நல்லதல்ல. ஒன்று வேலையிடத்திலிருந்து வீட்டுக்கு வந்தது, இன்னொன்று வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போனது.

அறையும் ஒரு வாத்தியம்தான்

சரி, இந்த வரலாறு நம்ம பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு என்ன சொல்லுது?

ஒரு சின்னக் கணக்கு. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். அறையின் நீளத்தை இரண்டால் பெருக்கி, 343-ஐ அதனால் வகுத்தால், அந்த அறை எந்த ஒலியில் 'ஊம்' என்று தானே முனகும் என்று தெரியும். பன்னிரண்டு அடிக்குச் சுமார் 47 ஹெர்ட்ஸ். பத்து அடிக்கு 56. பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்து அடி என்றால் மூன்று பக்கமும் அதே 56-ல் முனகும். அந்த ஒலி மட்டும் பூதம் மாதிரி எழுந்து நிற்கும். அந்த அறையில் பெரிய ஸ்பீக்கரை வைத்தால், காசு கொடுத்து அந்தப் பூதத்துக்குச் சோறு போட்டது மாதிரி.

வில்ச்சரின் நிறுவனத்தில் வேலை செய்த ராய் ஆலிசன், 1974-ல் சுவர்கள் ஸ்பீக்கரின் பாஸை எப்படி மாற்றுகின்றன என்று அளந்து கட்டுரை எழுதினார். சுவருக்கு அருகில் பாஸ் கூடும் என்பது பலருக்கும் தெரியும். அவர் காட்டியது அதற்கு மேலே ஒரு பள்ளமும் விழுகிறது என்பதை. ஊஃபர் தரையிலிருந்தும் பின் சுவரிலிருந்தும் பக்கச் சுவரிலிருந்தும் ஒரே தூரத்தில் இருந்தால் அந்தப் பள்ளம் மிக ஆழமாகும். எனவே அந்த மூன்று தூரங்களும் வேறுவேறாக இருக்கட்டும். காசு செலவில்லாத வைத்தியம்.

எனவே சின்ன அறைக்கு நான் பார்ப்பது இந்த வரிசையில். முதலில், மூடிய பெட்டியா, ஓட்டை வைத்த பெட்டியா? மூடிய பெட்டியின் பாஸ் மெல்லக் குறையும். சின்ன அறை பாஸைத் தானே கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடு செய்துகொள்ளும். ஓட்டை பின்பக்கம் இருக்கிற பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கவே வைக்காதீங்க. இரண்டாவது, ட்வீட்டர் காது உயரத்துக்கு வருமா? அதற்கு நல்ல ஸ்டாண்ட் வேணும். ஸ்டாண்டுக்கான காசை ஸ்பீக்கர் பட்ஜெட்டிலேயே ஒதுக்குங்க. மூன்றாவது, இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரமும், நீங்கள் உட்காருகிற தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். சின்ன அறையில் அருகில் உட்காருவது குறையே இல்லை. சுவர்களின் எதிரொலியைவிட ஸ்பீக்கரின் நேர் ஒலி காதுக்கு அதிகமாகக் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. கடைக்குப் போகும்போது, அதிர வைக்கிற டெமோ பாட்டு வேண்டாம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குரலை எடுத்துப் போங்க. வீட்டில் யாராவது பேசுவதை ஃபோனில் நல்லாப் பதிவு செய்துகூடப் போகலாம். அந்த ஆள் எதிரே உட்கார்ந்து பேசுவது மாதிரி இருந்தால், அந்தப் பெட்டியில் பாஸ் எவ்வளவு குறைந்தாலும் வருஷக்கணக்கில் அதோடு வாழ்ந்துவிடலாம். குரல் பொய்யாக இருந்தால், பாஸ் எவ்வளவு அதிர்ந்தாலும் ஆறு மாதத்தில் சலித்துவிடும்.

அடுத்த அத்தியாயத்தில் இதே கதையின் இன்னொரு பாதியைப் பார்க்கலாம்: பெட்டிக்கு ஓட்டை வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கணக்கு எழுதிக் கொடுத்த ஆஸ்திரேலியர் நெவில் தீலும், அதைத் தொடர்ந்த ரிச்சர்ட் ஸ்மாலும். அதுவரை, ஒரு டேப் எடுத்து உங்க அறையை அளந்து வைங்க.